பன்னிரண்டு இடத்துச் சாம்பல்

திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஏறிப் பாடாலூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவோ, யாராவது இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டால் டிராக்டரோ பிடித்துக் காரைப் பக்கம் போனால், நான் மூன்று வருஷம் நடந்த கடல் இருக்கிறது. தண்ணீர் கிடையாது. செம்மையும் வெளிர்பச்சையுமாகக் களிமண் மட்டும் மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கரையோரமாக அலையடித்துக்கொண்டிருந்த ஒரு கடலின் அடிச்சேறு அது. வெயில் ஏறினால் மண்ணில் சிதறிக் கிடக்கும் ஜிப்சம் துண்டுகள் மினுங்கும். குனிந்தால், கல்லாகிப்போன சிப்பியின் மேல் நம் நிழல் விழும். முதல் தடவை போனபோது நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முள் குத்தியதும் மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அந்தக் களிமண்ணைப் பற்றித்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். களிமண்ணில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொன்னேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு முன்னால் பலர் அங்கே நடந்திருக்கிறார்கள், அளந்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். என் பங்குக்குப் புதிதாக எதுவும் கிடைக்காமல் இரண்டாவது வருஷமும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் ஓடைக்கரையில் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

மூன்று விரல் கனம் இருக்கும். பச்சைக் களிமண்ணுக்கு நடுவே வெளுப்பாக, கரை நெடுக ஒரு பட்டை. அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்தது. ஆகவே சுண்ணாம்புக்கல். அடுத்து, எங்கள் துறைக்காரர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன். ஒரு துணுக்கைப் பெயர்த்து முன்பல்லில் கடித்தேன். வெறும் களிமண் என்றால் வெண்ணெய் போல வழுக்கும். வண்டல் என்றால் நறநறக்கும். நாங்கள் காட்டில் மண்ணைத் தின்கிற கூட்டம்தான், அதை மறைப்பதற்கில்லை. இந்தச் சுண்ணாம்பு வழுக்கவும் செய்தது, நறநறக்கவும் செய்தது. கடலுக்குள் இருந்த சுண்ணாம்புச் சேற்றில் இவ்வளவு கூரான பொடி எப்படி வந்தது? அன்று திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே வந்தேன். கொள்ளிடப் பாலம் ஏறும்போது மனதுக்குள் ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்தது. சாம்பல். எரிமலைச் சாம்பல்.

அதற்குப் பிறகு பல நாள் எனக்கு ஒரே நினைப்புத்தான். எங்கோ ஒரு மலை வெடிக்கிறது. எங்கே என்று தெரியாது. பல நாள் காற்றில் மிதந்து வந்த சாம்பல் இந்தக் கரையோரக் கடலின் மேல் இறங்குகிறது. சத்தமே இல்லை. மேலே வெளிச்சம் மங்குகிறது, தண்ணீர் கலங்குகிறது, சிப்பிகள் வாயை மூடிக்கொள்கின்றன. பொடி மெதுவாக ஆழத்துக்கு இறங்கிச் சுண்ணாம்புச் சேற்றில் படிகிறது. அப்புறம் மறுபடி களிமண், களிமண், களிமண். சாதம் வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தச் சாம்பல் எனக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

நினைப்பு இருந்தால் போதுமா, நிரூபிக்க வேண்டும். எரிமலைச் சாம்பலில் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கும். அவற்றை வைத்து மலை எப்போது வெடித்தது என்று கணக்கிடலாம். அது தெரிந்தால் அந்த மண் முழுவதற்கும் வயது சொல்லலாம். படிகம் கிடைத்தால் என் ஆராய்ச்சி ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் பழைய புத்தகங்களுக்கு நான் எழுதிய இன்னொரு பொழிப்புரை.

ஒரு சாக்கு நிறையப் பட்டையைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஐப்பசி மழையில் அந்த ஓடைக்கரை சரிந்து விழுந்தது. போய்ப் பார்த்தபோது ஒரு பனை உயரத்துக்கு மண் மூடியிருந்தது, கோடு இருந்த இடமே தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் தேடித் தேடிக் கால் வீங்கியதுதான் மிச்சம். ஆக, உலகத்தில் அந்தச் சாம்பல் என் சாக்கில் மட்டும்தான் இருந்தது.

காலேஜ் லேபில் அந்தச் சாக்குக் கல்லை உடைத்து, வீரியம் குறைந்த அமிலத்தில் போட்டு, வாரக்கணக்காகக் கரைத்தேன். சுண்ணாம்பு எல்லாம் நுரையாகிப் போனது. கடைசியில் கண்ணாடிக் குடுவையின் அடியில் தங்கியதைக் கழுவி எடுத்தால் ஒரு அதிரசம் அளவுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து லேபில் உலர்த்தும் அடுப்பு ரிப்பேர். அடுத்த வாரத்திலிருந்து செமஸ்டர் லீவு. நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, மொட்டைமாடியில் வெள்ளைத் துணி போர்த்தி வெயிலில் வைத்தேன். நன்றாக இறுகிக் கட்டியானதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடி மேல் காகிதம் ஒட்டிப் பென்சிலால் எண் எழுதினேன். டப்பாவை எங்கே வைப்பது? சமையலறையில் எறும்பு. என் அறையில் புத்தகம் சரிந்து விழும். வீட்டிலேயே யாரும் கை வைக்காத இடம் பெருமாள் அறை. அங்கே மேல் தட்டில் வைத்தேன். பத்திரமாக இருக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா தபால் துறையில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் படித்து ஊர் சொல்லிவிடுவார் என்று அவர் ஆபீஸில் பேர். தினமும் குளித்துவிட்டு வந்து, வெள்ளைத் திருமண் கட்டியை உள்ளங்கையில் நீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு திருநாமமாகச் சொல்லிக்கொண்டு, நெற்றியில் தொடங்கி உடம்பில் பன்னிரண்டு இடத்தில் இட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் காபி. அந்தப் பெருமாள் அறையில் திருமண் பெட்டி எங்கே இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மேல் தட்டில்தான் இருக்கும். டப்பாவுக்குப் பக்கத்தில்.

லீவு நாட்கள் மெத்தென்று போயின. நான் மத்தியானம் தூங்கினேன். தூக்கத்தில் கொள்ளிடத்தில் களிமண் நிறத்தில் கடல் ஏறி வந்தது. சாயங்காலம் அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். கோபுர நிழல் நீளமாக வீதியில் படுத்திருக்கும். அவர் நெற்றியில் பத்துக் கோடி வருஷத்து எரிமலை இருந்தது, எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

பதினாறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் காபி டம்ளரோடு கொல்லையில் நின்றிருந்தேன். அப்பா மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மாமி ஒரு மாதம் முன்பு மேல்கோட்டைக்குப் போய் வந்தவர். போகும்போது அப்பா திருமண் வாங்கிவரச் சொல்லியிருந்தார்.

"மாமி, இன்னொரு கட்டி இருந்தா குடுங்கோளேன். நீங்க குடுத்தது இன்னிக்கோட தீர்ந்துபோச்சு."

"நான் எங்க குடுத்தேன்? பொட்டலம் பிரிக்காம அப்படியே எங்காத்து அலமாரியிலன்னா இருக்கு. தரணும் தரணும்னு நெனைச்சுண்டே இருக்கேன், மறந்து மறந்து போயிடறது."

"டப்பாவுல போட்டு மேல் தட்டுல வெச்சுட்டுப் போனேளே?"

"எந்த டப்பா?"

எந்த டப்பா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. பெருமாள் அறைக்கு ஓடி டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. விரலை விட்டுத் துழாவினேன். விரலில் ஒரு மாவுகூட ஒட்டவில்லை. அப்பா எதையும் மிச்சம் வைக்காமல் துடைத்துப் பயன்படுத்துகிறவர்.

நான் டப்பாவோடு கொல்லைக்குத் திரும்பி ஓடிக் கத்தினேன். அதைச் சொல்லாமல் இருப்பது நாணயமில்லை. "மூணு வருஷம்பா! மூணு வருஷத்தை உரசி உரசித் தீர்த்துட்டேளே! அது திருமண் இல்லை, என் சாம்பல்!" என்று தெரு கேட்கக் கத்தினேன்.

அப்பாவின் கை நெற்றிக்குப் போய்ப் பாதி வழியில் நின்றது. "சாம்பலா? சாம்பலையா இட்டுண்டேன்?"

எங்கள் குடும்பத்தில் நெற்றிக்குச் சாம்பல் என்பதே கிடையாது. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த மாமி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "எரிமலைச் சாம்பல்பா," என்றேன். "விபூதி இல்லை. கவலைப்படாதீங்கோ." அப்போதும் குரல் கடுமையாகத்தான் இருந்தது.

"மலையோ எதுவோ, ஒன்னோடதாச்சே," என்றார். "கேட்டிருக்கணும். கேக்காம எடுத்துட்டேன்." அவர் உள்ளே வந்து பெருமாள் அறை வாசலில் நின்றார். மேல்துண்டு தோளிலிருந்து நழுவியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில், தொண்டையில், மார்பில், வயிற்றில், இரண்டு கைகளிலும் அன்று காலை இட்டுக்கொண்டது அப்படியே இருந்தது. உலர்ந்து, லேசாக வெடித்து.

"அப்பா, கோயிலுக்குப் போறதுக்கு முன்னால..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்க முடியாமல் நின்றேன். பெற்றவரின் நெற்றியிலிருந்து திருமண்ணை எடுக்கட்டுமா என்று எந்தப் பெண் கேட்பாள்?

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடுத்துக்கோம்மா," என்றார். தலையை என் பக்கம் குனிந்து கொடுத்தார்.

என்னிடம் மாதிரிகளைத் துடைக்கும் மெல்லிய தூரிகை இருந்தது. காய்ச்சி வடித்த நீர் ஒரு புட்டி இருந்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை அவர் புருவத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தூரிகையை நனைத்து, நெற்றியிலிருந்து மெதுவாக இறக்கினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இட்டுக்கொள்ளும்போது சொல்லும் நாமங்களை இப்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றிக்குக் கேசவா. வயிற்றுக்கு நாராயணா. மார்புக்கு மாதவா. ஒவ்வொரு இடமாக நான் நகர்ந்தேன், அவர் நாமமும் என் கையோடு நகர்ந்தது. முதுகுக்கும் பிடரிக்கும் வந்தபோது நான் அவருக்குப் பின்னால் முழங்காலில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியே வெயில் வந்து கிண்ணத்து நீரில் விழுந்து கூரையில் அலை அலையாக ஆடியது. என் கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. பன்னிரண்டு இடமும் முடிந்து எழுந்து முன்னால் வந்தால், அப்பா வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் நான் அப்படி அவரைப் பார்த்ததாக நினைவில்லை. அவர் குளித்துவிட்டு வரும் நேரத்தில் நான் என்றைக்கு எழுந்திருக்கிறேன்? வேறு யாரோ ஒரு வயதானவர் போல இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"போறுமா?" என்று கேட்டார்.

"போறும்பா," என்றேன். போதுமா என்று எனக்கே தெரியாது.

மாமி பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா மறுபடி குளித்து, மேல்கோட்டைத் திருமண்ணை இட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்பினார். போகும்போது, "கிடைச்சுடும் பாரு," என்றார்.

லீவு முடிந்து காலேஜ் திறந்தது. கிண்ணத்தில் இருந்ததைப் பலமுறை கழுவி, கனமானதை மட்டும் தனியே பிரித்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முதல் நாள் முழுக்க அப்பாதான் தெரிந்தார். தோல் செதில், துண்டின் நூல், ஒரு வெள்ளை முடி, திருமண்ணுக்கு நடுவே இடும் ஸ்ரீசூர்ணத்தின் சிவப்பு. இரண்டாவது நாளும் அப்படியே. மூன்றாவது நாள் மத்தியானம், சாப்பிடப் போகலாம் என்று கடைசியாக ஒருமுறை நகர்த்தியபோது, வட்டத்தின் ஓரத்தில் ஒன்று வந்து நின்றது. ஊசி போல நீளம். கண்ணாடி போலத் தெளிவு. இரண்டு முனையும் சீவியது போலக் கூர்மை. ஆற்றில் உருண்டு வந்த மணல் என்றால் முனை மழுங்கியிருக்கும். இது எதிலும் உருளவில்லை. காற்றில் வந்து, கடலில் இறங்கி, அப்படியே படுத்துக்கொண்டது. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து கிடைத்தன.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை, நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "சந்தேகமே இல்லை," என்றார். "வயசு பார்க்க அனுப்பிடலாம். ஆனா மாதிரி எங்கேயிருந்து எடுத்தேங்கறதை ஒளிக்காம எழுதிடு."

"அப்பா நெத்திலேர்ந்துன்னு எழுதவா மேடம்?"

"அப்பா நெத்தியிலேர்ந்துன்னுதான். வேற என்னன்னு எழுதுவே?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பெருமாள் அறையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவர் சாப்பாடு குறைந்திருந்தது, என்னோடு பேச்சும் குறைந்திருந்தது. தன்னால் கெட்டது என்ற நினைப்பிலேயே இருந்தார் போலும். அவரைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. தன் நெற்றியில் என்ன இருந்தது என்று அவரே பார்க்கட்டும்.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். வழி நெடுக நான் வளவளத்துக்கொண்டே வந்தேன். ஊசி மாதிரி இருக்கும்பா, ரொம்பத் தெளிவா இருக்கும், அஞ்சு இருக்கு. அவர் சின்னப் பையன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்றார். மைக்ரோஸ்கோப் அறையில் திரை எல்லாம் இழுத்து மூடியிருக்கும், பகலிலும் அரை இருட்டு. அவரைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கண் வைக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் உடனே குனிந்துவிட்டார்.

"ஆஹா," என்றார். "எவ்வளவு அழகு!"

நான் சிரித்தேன்.

"நீ சொன்ன மாதிரியே இருக்கும்மா. ஊசி ஊசியா. அஞ்சும் தெரியறது. வெள்ளை வெளேர்னு, கடலுக்கு அடியில பார்க்கற மாதிரி..."

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால்தான் எதுவும் தெரியும், இல்லாவிட்டால் உள்ளே வெறும் இருட்டு. நான் அதை இன்னும் போடவே இல்லை.

சிரிப்பு என் வாயிலேயே நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் குபீரென்று ஏறி அவர் கண்ணிமை வரை வந்தது. அவருக்கு எதுவும் மாறவில்லை. அதே குரலில், "அழகு, ரொம்ப அழகு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சாம்பல் கட்டி வெள்ளையே இல்லை. உடைத்த பாசிப்பயறு நிறத்தில் இருந்தது. திருமண்ணையும் அதையும் யாரும் மாற்றி எடுக்கமாட்டார்கள், மூடி மேல் எண் வேறு எழுதியிருந்தேன். கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று அன்று அவர் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மழுப்பியபோது நான் நம்பிவிட்டேன். மூன்று விரல் கனத்துக் கோட்டை அவ்வளவு களிமண்ணுக்கு நடுவே கண்டுபிடித்தவள், ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அவருக்குக் கேட்கக்கூடாது என்று அடக்கினேன்.

"அப்பா," என்றேன். "புத்தூர்ல ஒரு கண்ணாஸ்பத்திரி இருக்கு. இப்படியே அங்க போயிட்டு ஆத்துக்குப் போலாம்."

அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி, நான் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சுது ஒனக்கு?"

"இப்பத்தான்பா. ஏன் சொல்லலை?"

அவர் கையை நீட்டி மேஜையில் தடவி, என் கையைக் கண்டுபிடித்தார்.

"ஒன் சாம்பல் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்," என்றார்.